பாதி முடிந்த யாத்திரைப் படத்தை முதலில் யாருக்குக் காட்டுவது?

ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்கு நடந்துபோகும் ஐந்து யாத்திரிகர்களைப் பின்தொடர்ந்து ஆவணப்படம் எடுத்திருக்கிறீர்கள். 110 நிமிட ரஃப் கட், அதாவது முதல்கட்டத் தொகுப்பு, தயாராக இருக்கிறது. இசை, ஒலிக்கலவை, வண்ணச் சீரமைப்பு எதுவும் முடியவில்லை. அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர்களின் சங்கங்களை அழைத்து நான்கைந்து ஊர்களில் திரையிட்டு, கருத்தும் கேட்டு, படத்தை முடிக்க நன்கொடையும் திரட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

திரையிடுங்கள். ஆனால் நீங்கள் முதலில் அழைக்க நினைக்கிறவர்கள்தான் கடைசியில் வரவேண்டியவர்கள். நன்கொடையை இதோடு சேர்க்கவே வேண்டாம்.

நான் படத்தொகுப்பாளன். நடைப்பயணம் பற்றிய இரண்டு படங்களைத் தொகுத்திருக்கிறேன். முதல் படத்தின் முன்திரையிடலில் நீங்கள் செய்ய நினைக்கும் அதே தவறைச் செய்தோம். அரங்கு முழுக்க அந்தப் பாதையில் நடந்தவர்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில், யாத்திரிகர் விடுதி ஒன்றின் சன்னல் விளிம்பில் ஈரக் காலணிகள் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஷாட் வரும். அரங்கிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்போடு வீடு திரும்பினோம்.

மூன்று வாரம் கழித்து அதே வடிவத்தை, எங்கும் நடந்திராத முப்பது பேருக்குக் காட்டினோம். சன்னலில் காலணிகள் வந்தன, போயின. யாரும் அசையவில்லை. படம் முடிந்ததும் ஒருவர் கேட்டார்: “அந்த நீலப் பை வைத்திருக்கும் பெண் ஏன் ஒருமுறை ஜெர்மன் பேசுகிறாள், இன்னொருமுறை பிரெஞ்சு பேசுகிறாள்?” அவர்கள் இரண்டு பெண்கள். இருவருக்கும் நீலப் பை, இருவருக்கும் அகல விளிம்புத் தொப்பி. எட்டு மாதம் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. அவரைப் போலவே குழம்பிய இன்னும் பதினோரு பேர் கை தூக்கினார்கள்.

அந்தப் பாதையின் 780 கிலோமீட்டரையும் நடந்தவருக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் படம் அதற்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். வழிகாட்டும் ஒரு மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினால் போதும், மிச்சத்தை அவரே போட்டுக்கொள்வார். அவர் அழுவது பொய்யில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் உங்கள் படத்தொகுப்புக்கு வந்ததில்லை. 2024-இல் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் சாந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் அரங்கை நிரப்புவது மிக எளிது. எனக்கு அதுதான் கவலை.

அதற்காக அவர்களால் பயனில்லை என்று சொல்லவில்லை. பிழை பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. உங்கள் பாதை கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; நிழல் எதிரே நீண்டு விழும். பகல் ஏற ஏற வெயில் இடதுபுறத்தைக் காய்ச்சும். மாலையில் எடுத்த ஷாட்டைக் காலைக் காட்சியில் ஒட்டியிருந்தால், அல்லது ஒரு ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தால், நடந்தவர் உடனே நெளிவார். எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், எந்தப் பாலத்தை எந்தப் பக்கமிருந்து கடக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். ஆகவே படத்தின் வடிவம் உறுதியான பிறகு, பிக்சர் லாக்குக்கு (காட்சித் தொகுப்பை இனி மாற்றுவதில்லை என்று பூட்டும் கட்டம்) முன்னால், அவர்களில் ஐந்தாறு பேரை அழைத்துக் காட்டுங்கள். கையில் தாளும் பென்சிலும் கொடுத்து, தவறுகளை மட்டும் குறித்துத் தரும்படி கேளுங்கள். படம் பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் பார்க்கவேண்டியவர்கள் வேறு ஐந்து பேர்: நீங்கள் படமெடுத்த அந்த ஐவர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடைவழியில் மனிதர்கள் திறந்துகொள்ளும் விதமே வேறு. மகனைப் பறிகொடுத்தவர், மணமுறிவிலிருந்து வெளியே வந்தவர், நோயை வீட்டாரிடம் சொல்லாமல் வந்தவர் என்று யார் யாரோ, இருபது நாள் நடந்த களைப்பில், ஒரு கல்மேட்டில் உட்கார்ந்து உங்கள் கேமராவிடம் பேசியிருப்பார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அன்று அவர் சொன்னது எதிரே இருந்த ஓர் ஆளிடம். இருட்டில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேரிடம் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. அந்தக் காட்சியை அவர் முதன்முதலாகப் பார்ப்பது அந்நியர்கள் நடுவிலாக இருக்கக்கூடாது. தனியறையில், உங்களோடு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும்.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ் 1950-களின் தொடக்கத்தில் நைஜர் ஆற்றில் சொர்க்கோ வேட்டையாடிகளின் நீர்யானை வேட்டையைப் படமாக்கினார். சில ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அயோரு ஊருக்கே போய் அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். வேட்டைக் காட்சிக்கு அந்தப் பகுதியின் வேட்டைப் பாட்டு இசையையே பின்னணியாகச் சேர்த்திருந்தார். அவர்களுக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்திருப்பார். வேட்டையாடிகள் மறுத்தார்கள். வேட்டையின்போது சத்தமே இருக்கக்கூடாது, இந்த இசையைக் கேட்டால் நீர்யானை ஓடிவிடும் என்றார்கள். பின்னணி இசை பற்றிய ரூஷின் எண்ணத்தையே அது மாற்றிவிட்டது. உங்கள் ரஃப் கட்டில் மலையேற்றக் காட்சிக்குப் பின்னால் ஒரு சோகமான செல்லோ இசை ஓடுகிறது என்று நான் பந்தயம் கட்டுவேன். அந்த மலையை ஏறியவரிடம், அப்போது காதில் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். தன் மூச்சுச் சத்தம் என்பார், கைத்தடி கல்லில் படும் சத்தம் என்பார்.

அதே ரூஷ், சமூகவியலாளர் எட்கர் மொரானுடன் சேர்ந்து 1960-இல் பாரிஸில் எடுத்து 1961-இல் வெளியிட்ட ‘க்ரோனிக் தூன் எத்தே’ படத்தில், இந்தத் திரையிடலையே படத்தின் பகுதியாக்கினார். பங்கேற்றவர்கள் தாங்கள் இடம்பெற்ற காட்சிகளைப் பார்த்துவிட்டு வாக்குவாதம் செய்கிறார்கள். ஒரே காட்சி ஒருவருக்கு நடிப்பாகத் தெரிகிறது, இன்னொருவருக்கு அளவுக்கு மீறிய அந்தரங்கமாகத் தெரிகிறது. உங்கள் ஐவரிடமும் இதை எதிர்பாருங்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் செய்யவேண்டியதில்லை. ஆனால் ஒருவர் “இதை எடுத்துவிடுங்கள், என் அம்மாவுக்குத் தெரியாது” என்றால் எடுத்துவிடுங்கள். எத்தனை நல்ல காட்சியாக இருந்தாலும் சரி.

இரண்டாவதாக வருகிறவர்கள் அந்நியர்கள். முன்திரையிடல் என்று நான் மனதாரச் சொல்வது இதைத்தான்.

முப்பது பேர் போதும். இருநூறு பேர் வந்தால் அது விழாவாகிவிடும். விழாவில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். பதினைந்துக்குக் கீழே போனால் ஒருவருடைய சலிப்பு மற்றவர்களுக்குத் தொற்றுகிறதா என்று பார்க்கமுடியாது. உறவினர், நண்பர், சக திரைக்கலைஞர் வேண்டாம். சக கலைஞர்கள் அவர்கள் எடுத்திருக்கக்கூடிய படத்தைப் பற்றிப் பேசுவார்கள். நடைப்பயணத்தில் ஈடுபாடு இல்லாதவர், மத நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், ஆவணப்படமே பார்க்காதவர் என்று கலந்து வரட்டும். ஆனால் எதைப் பார்க்க வருகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். நடைவழி யாத்திரை பற்றிய ஆவணப்படம், முடிவடையாத வடிவம், இவ்வளவு நிமிடம் என்று அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், தவறான கூட்டம் ஒரு படத்தைக் கொன்றுவிடும். 1942 மார்ச் 17 அன்று இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை அமெரிக்காவின் பொமோனா நகரில் முன்திரையிட்டார்கள். அரங்கில் இருந்தவர்கள் கலகலப்பான ஓர் இசைப் படத்துக்காக வந்தவர்கள். அது முடிந்த கையோடு, வீழ்ச்சியடையும் ஒரு குடும்பத்தின் நீண்ட துயரக் கதை. சிரித்தார்கள், எழுந்து போனார்கள். இரண்டு நாள் கழித்து பாசடேனாவில் காட்டியபோது வரவேற்பு மேலாகவே இருந்தது. ஆனால் அதற்குள் ஸ்டுடியோ பயந்துவிட்டது. வெல்ஸ் பிரேசிலில் இருந்தபோது நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டி, வேறொரு முடிவை எடுத்து ஒட்டி, 88 நிமிடப் படமாக வெளியிட்டார்கள். வெட்டப்பட்ட பகுதிகள் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. ஒரே ஒரு திரையிடலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது. குறைந்தது இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு கூட்டம். இரண்டிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் கல் இருக்கிறது.

திரையிடும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். எல்லோரையும் பக்கவாட்டில் பார்க்கமுடிகிற ஓர் ஓரத்தில் உட்காருங்கள். டைம்கோடு, அதாவது நேர எண்கள், ஓடும் பிரதி உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருக்கட்டும். பெரிய திரையில் அந்த எண்கள் ஓடினால் மக்கள் அதையே பார்ப்பார்கள். யாராவது இருக்கையில் அசைந்தால், இருமினால், கைபேசியின் வெளிச்சம் தெரிந்தால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும் கருத்தை ஒருவர் மரியாதைக்காகத் திருத்திக்கொள்வார். முதுகை அப்படித் திருத்த முடியாது.

நடைப்பயணப் படங்களுக்கென்றே சில வியாதிகள் உண்டு. அவற்றைத் தேடியே முன்திரையிடல் நடத்தவேண்டும்.

முதல் வியாதியை மேலே சொல்லிவிட்டேன்: யார் யார் என்று தெரியாமல் போவது. மழை வந்தால் உங்கள் ஐவரும் ஒரே மழை அங்கிக்குள் மறைந்துவிடுவார்கள். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கிறவர்கள் வெள்ளை மேலாடையும் கூம்புத் தொப்பியும் அணிவது மரபு. அங்கே படமெடுக்கிறவர் பாடு இன்னும் மோசம். படம் முடிந்ததும் ஐந்து முகங்களை அச்சிட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஏன் நடந்தார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியவேண்டியதில்லை. காரணம் மாறிப்போயிருந்தால் முதல் இருபது நிமிடத்தில் கைவைக்கவேண்டும்.

இரண்டாவது, தூரம். வரைபடத்தை ஒருமுறை காட்டிவிட்டால் போதும் என்று நினைப்போம். “படத்தின் பாதியில் அவர்கள் எத்தனை நாள் நடந்திருப்பார்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். நாலு நாள் என்றும் நாற்பது நாள் என்றும் பதில் வந்தால், காலம் நகர்வதைப் பார்வையாளர் உணரவில்லை. தாடி வளர்வதும் காலணித் தோல் பிளப்பதும் கோதுமை வயல் பச்சையிலிருந்து மஞ்சளாவதும் வரைபடத்தைவிட நன்றாக இதைச் சொல்லும்.

மூன்றாவதில்தான் என் நெஞ்சு கிடக்கிறது: நடுப்பகுதி. உங்கள் பாதையில் புர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீட்டர், மெசேட்டா என்னும் சமவெளி. மரமில்லை, வளைவில்லை, அடுத்த ஊரின் கோபுரம் இரண்டு மணி நேரமாக அதே இடத்தில் நிற்கும். நடப்பவர்களில் சிலர் பஸ் ஏறித் தாண்டிவிடுகிறார்கள். இயக்குநர்களும் அதையேதான் செய்கிறார்கள்: மூன்று நிமிட இசைத் தொகுப்பு, கால்கள், வானம், கால்கள், லெயோன். எடுத்துவைத்த ஷாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் வந்த பயம் அது. என் கருத்தில் யாத்திரைப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒன்றும் நடக்காத இடத்தில்தான் அவர்களுக்கு ஏதோ நடக்கிறது. ஆனால் பார்வையாளரை எவ்வளவு நேரம் அங்கே நிறுத்தலாம் என்பதைப் படத்தொகுப்பு அறையில் கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன். அரங்கில்தான் தெரியும். சலிப்பில் இரண்டு வகை உண்டு. படத்தின் மேல் சலிப்பு வந்தால் கை கைபேசியைத் தேடும். பாதையின் சலிப்புக்குள் இறங்கிவிட்டால் உடம்பு அசையாமல் நின்றுவிடும், தோள் தளரும். இரண்டாவது வகை கிடைத்தால் அந்த ஷாட்டை இன்னும் பத்து விநாடி நீட்டுங்கள். முதல் வகை என்றால், பெரும்பாலும் நோய் மெசேட்டாவில் இல்லை. அதற்கு முந்தைய காட்சியில், யாருக்காகக் கவலைப்படவேண்டும் என்று தெரியாமல் சமவெளிக்குள் நுழைந்துவிட்டார்கள். சும்மா சொல்கிறேன்: கால்களை மட்டும் காட்டும் ஷாட்டுகள் எத்தனை என்று ஒருமுறை எண்ணுங்கள். எங்கள் படத்தில் அறுபத்தொன்று இருந்தது. பத்தில் நிறுத்தினோம், எதுவும் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

நான்காவது, முடிவு. சாந்தியாகோ தேவாலயத்தை அடைந்தால் படம் முடிந்தது என்று இயக்குநர் நினைக்கிறார். யாத்திரிகர்களின் வழக்கம் அப்படி இல்லை. சாந்தியாகோவை அடைந்த பலர் கடலைத் தேடி இன்னும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நடந்து ஃபினிஸ்தெர்ரே வரை போகிறார்கள். ஷிகோகுவில் 88-ஆம் கோயிலை முடித்தவர்கள் நன்றி சொல்ல முதல் கோயிலுக்குத் திரும்பும் வழக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்துக்கு மூன்று வாரம் நடந்துவரும் வார்க்கரி பக்தர்களில் எத்தனையோ பேர் கருவறைக்குள் போகாமலேயே, கோபுரக் கலசத்தைக் கண்டு கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். போய்ச் சேர்வதன் பொருள் அவரவருக்கு வேறு. உங்கள் முப்பது பேரிடம், “படம் முடிந்துவிட்டது என்று எந்த இடத்தில் நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். என் இரண்டாவது படத்தில் பெரும்பாலோர் காட்டிய இடம், உண்மையான முடிவுக்குப் பதினான்கு நிமிடம் முன்னால் இருந்தது. நான்கு பேருக்கும் தனித்தனியாக விடைகொடுத்துக்கொண்டிருந்தோம். பார்வையாளர்கள் எப்போதோ விடைபெற்றுவிட்டார்கள்.

கேள்வித்தாளில் நான்கைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். எழுதி முடித்த பிறகே பேச்சு. முதலில் பேச்சைத் தொடங்கினால் குரல் பெரியவர் சொன்னதையே மற்றவர்களும் எழுதுவார்கள். உரையாடலை வேறொருவர் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் வாய்திறக்காமல் இருக்கவேண்டும், இதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். “அந்த அம்மா ஏன் பாதியில் திரும்பிப் போனார்?” என்று ஒருவர் கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியும், நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்தத் திரையிடலே வீண். படம் வெளியானபின் ஒவ்வோர் அரங்கிலும் நீங்கள் நின்று விளக்கப்போவதில்லை. அதேபோல், மருந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள். “அந்தப் பேட்டியை வெட்டிவிடுங்கள்” என்று சொன்னால், அந்த இடத்தில் வலிக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்ப விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறினால் மக்கள் மன்னிப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் மன்னிக்கமாட்டார்கள். முழு ஒலிக்கலவை தேவையில்லை, ஆனால் காற்றின் இரைச்சலைக் குறைத்து, குரல்களின் அளவைச் சமப்படுத்தி, துணைத்தலைப்பைப் பிழையில்லாமல் போட்டபின் காட்டுங்கள். உங்கள் ஐவரும் பல மொழி பேசுகிறவர்கள். துணைத்தலைப்பு தடுமாறினால் உங்கள் படம் சோதிக்கப்படாது, மொழிபெயர்ப்புதான் சோதிக்கப்படும். இடைக்காலமாகப் போட்டிருக்கும் பிரபல இசையை எடுத்துவிடுங்கள். உரிமை வாங்காத பாடலைப் பொது அரங்கில் ஒலிக்கவிடுவது சட்டச் சிக்கல். அதைவிட, வேறொருவர் பாட்டு சம்பாதித்த உணர்ச்சியை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள். திரையின் ஓரத்தில் ‘முடிவுறாத வடிவம்’ என்று வாட்டர்மார்க் இருக்கட்டும். கைபேசியில் பதிவுசெய்யக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். இது உங்களைவிட அந்த ஐவருக்குத்தான் முக்கியம்.

திரைப்பட விழாக்களைக் குறிவைத்திருந்தால் இன்னொரு கவனம் தேவை. பல விழாக்கள் உலக முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்கவேண்டும் என்று கேட்கும். டிக்கெட் போட்டு, சுவரொட்டி ஒட்டி, நான்கைந்து ஊர்களில் காட்டிவிட்டால் அந்தத் தகுதியை நீங்களே அழித்துக்கொண்டதாக ஆகலாம். அழைப்பின்பேரில், கட்டணமில்லாமல், விளம்பரமில்லாமல் நடத்தும் சிறு திரையிடலில் இந்தச் சிக்கல் வருவது அரிது. ஆனாலும் நீங்கள் விரும்பும் விழாவின் விதிகளைப் படித்துவிட்டு நாள் குறியுங்கள். உங்கள் நாட்டில் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். முன்திரையிடலில் உண்டியல் குலுக்காதீர்கள். பணம் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு சாரார் பாராட்டிவிட்டு நழுவுவார்கள். கொடுத்தவர்களோ, தாங்கள் பணம் போட்ட படம் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இரண்டும் உங்களுக்குக் கெடுதி. நன்கொடைக்குத் தனி மாலை வையுங்கள். அங்கே 110 நிமிடத்தையும் காட்டவேண்டாம். இருபது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் ஒலியும் நிறமும் முழுதாக முடித்து, மிச்சத்துக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கோடு காட்டுங்கள். நீங்கள் முதலில் அழைக்க நினைத்த யாத்திரிகர் சங்கங்களின் இடம் அந்த மாலையில்தான். அவர்களுடைய கண்ணீருக்கு அங்கே முழு மதிப்பு உண்டு.

இப்போது கையில் இருக்கும் வடிவத்தில் ஐவரும் பார்ப்பதற்கே சில வாரம் ஆகும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் இருப்பார்கள். அந்த இடைவெளியில் அந்த செல்லோவை எடுத்துவிட்டு மலையேற்றத்தை ஒருமுறை தனியாகப் போட்டுப் பாருங்கள்.